கண் போட்டோ பி.பி. இருக்கிறது என்கிறது, பி.பி. கருவி இல்லை என்கிறது. எதை நம்புவது?

குடமுருட்டிக்கரை

வணக்கம். ஊர் பாபநாசம் பக்கம். அதற்கு மேல் சொன்னால் அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளிகள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், விட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது. பன்னிரண்டு மா நிலம், இன்றைக்கும் அவரேதான் பார்த்துக்கொள்கிறார். விடிவதற்குள் எழுந்து வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் காபி. சிகரெட், குடி கிடையாது. வெற்றிலை, சீவல், ஒரு துண்டு புகையிலை உண்டு. நார்த்தங்காய் ஊறுகாய் இல்லாமல் மோர்சாதம் இறங்காது. டாக்டர் என்றாலே ஆகாது.

இடது கண் மங்குகிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புரையாக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்து, ஆவணியில் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த கண் முகாமுக்குக் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, பளிச்சென்று இரண்டு மூன்று போட்டோ எடுத்தார்கள். புரை இருக்கிறதாம், முற்றவில்லையாம், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அதுவரை சரி.

சீட்டில் கூடவே இப்படி எழுதியிருந்தது: இரண்டு கண்ணிலும் ஹைப்பர்டென்சிவ் ரெட்டினோபதி (பி.பி.யால் கண்ணுக்குள் வரும் கோளாறாம்), கிரேடு 2. பி.பி., ஈ.சி.ஜி., கொலஸ்ட்ரால் பார்த்துப் பொது மருத்துவரிடம் காட்டவும்.

சிக்கல் என்னவென்றால் அப்பாவுக்கு பி.பி.யே கிடையாது. அம்மாவுக்குத்தான் ஏழு வருடமாக உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுகிறது. அப்பாவுக்கு இரண்டு வருடத்தில் மூன்று தடவை கிளினிக்கில் பார்த்திருக்கிறோம். 132/84, 128/82, போன வாரம் 134/84. "வயசுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரே குஷி. "கண்ணப் பாத்து நெஞ்சச் சொல்றானாம். கிளி ஜோசியக்காரன்கூட சீட்டு எடுத்துத்தான்டா சொல்வான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. கண்ணுக்குள் பார்த்தால் நெஞ்சில் இருப்பது உண்மையிலேயே தெரியுமா? தெரியும் என்றால் கருவி ஏன் வேறு மாதிரி சொல்கிறது? இன்னொன்று. டவுனில் ஓர் இடத்தில், கண் போட்டோ எடுத்தால் போதும், கம்ப்யூட்டரே மாரடைப்பு வருமா என்று சொல்லிவிடும், ரத்தம் எடுக்க வேண்டாம், ஈ.சி.ஜி. வேண்டாம் என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அதற்குப் போகலாமா?

பச்சைவிளக்கைப்பாருங்க

பதினோரு வருடமாகக் கண் போட்டோ எடுப்பதுதான் என் பிழைப்பு. டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனை, படித்தவள். வேதாரண்யம் முதல் திருவையாறு வரை வேனில் போகாத ஊர் குறைவு. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது என் பெயரில் இருக்கும் வாக்கியத்தைச் சொல்வேன். சாயங்காலத்துக்குள் கருவியின் நெற்றிப் பட்டையில் விபூதியும் தேங்காய் எண்ணெயும் கெட்டியாக ஏறியிருக்கும். அதைத் துடைப்பதும் வேலையில் சேர்த்திதான்.

தம்பி, இது ஜோசியம் இல்லை. கத்தி வைக்காமல் உடம்புக்குள் ஓடும் ரத்தக் குழாய்களை நேருக்கு நேர் பார்க்க முடிகிற இடம் விழித்திரைதான். போட்டோவில் ஆரஞ்சு நிறத் தரை மாதிரி தெரியும். அதில் ஓரமாக மஞ்சளாய் ஒரு வட்டம், பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியே போகும் இடம். அந்த வட்டத்திலிருந்து மேலும் கீழுமாகக் குழாய்கள் கிளை பிரிந்து ஓடும். கொஞ்சம் மெல்லிசாக, வெளிர் சிவப்பாக இருப்பது தமனி. தடித்து, கருஞ்சிவப்பாக இருப்பது சிரை. தமனி இரண்டு பங்கு அகலம் என்றால் சிரை மூன்று பங்கு, அப்படி இருந்தால் நல்லது. அதில் பெரிய குழாயே ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும்.

பி.பி. வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் தமனியின் சுவர் தடித்து, உள்ளே வழி குறுகிவிடும். தமனியும் சிரையும் ஒன்றின் மேல் ஒன்று தாண்டிப் போகும் இடங்களில் இரண்டுக்கும் வெளியுறை ஒன்றுதான். அதனால் தடித்த தமனி கீழே இருக்கும் சிரையை நசுக்கும். மோட்டார் ஓஸ் மேல் சைக்கிளை ஏற்றி நிறுத்தின மாதிரி. படத்தில் பார்த்தால் அந்த இடத்தில் சிரை இரண்டு பக்கமும் கூம்பி, நடுவில் அறுந்தது போலத் தெரியும். உங்கள் அப்பா சீட்டில் கிரேடு 2 என்று எழுத வைத்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த கிரேடு கணக்கு 1939-இல் அமெரிக்காவில் கீத், வாக்னர், பார்க்கர் என்ற மூவர் போட்டது. மொத்தம் நான்கு. ஒன்றிலும் இரண்டிலும் குழாய் மட்டும் மாறியிருக்கும். மூன்றில் ரத்தக் கசிவும் வெள்ளைத் திட்டும் வந்துவிடும். நான்கில் நரம்பே வீங்கிவிடும். நெட்டில் தேடினால் கிரேடு 1 ஆட்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதம், கிரேடு 4-இல் 6 சதவீதம் என்று வரும், பயந்துவிடாதீர்கள். அப்போது பி.பி.க்கு உருப்படியான மாத்திரையே கிடையாது. இன்னொரு விஷயம், ஒன்றா இரண்டா என்பதில் இரண்டு டாக்டர்கள் ஒத்துப்போகாமல் இருப்பதும் சகஜம். வயதானாலே குழாய் கொஞ்சம் தடிக்கும். மூன்று, நான்கு என்றால் அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை.

மூன்றை நான் ஒரு தடவை மறக்க முடியாதபடி பார்த்தேன். வேதாரண்யம் பக்கம் ஒரு முகாம். உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணாடி கொடுங்கள் என்று வந்தார். வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வடை சாப்பிட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் கதை பேசிக்கொண்டிருந்தவர். போட்டோ திரையில் வந்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. இரண்டு கண்ணிலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டின மாதிரி வெள்ளைத் திட்டுகள், பக்கத்திலேயே தீக்கொழுந்து மாதிரி ரத்தக் கசிவு. கையில் பி.பி. பட்டையைக் கட்டிப் பார்த்தால் 220/130. "எனக்கா? தலகூட வலிக்கலியே" என்கிறார். 108-ஐக் கூப்பிட்டு அனுப்பினோம். கண்ணாடி வாங்காமல் போகிறோமே என்று அவருக்கு வருத்தம்.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். கருவி அந்த நிமிஷத்தைச் சொல்கிறது. குழாய் பல வருடத்தைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று பொய் என்று அர்த்தம் இல்லை. கிளினிக்கில் சரியாக இருந்து வீட்டில், வயலில், தூக்கத்தில் ஏறுகிறவர்கள் உண்டு. கைக்குக் கட்டும் கருவி ஒன்று இரண்டாயிரம் ரூபாய் பக்கம் வரும், வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவதுதான். ஒரு வாரம், காலையில் இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை. முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு. அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, வெற்றிலை, புகையிலை எதுவும் கூடாது. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் பி.பி. உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அம்மாவின் மாத்திரை வீட்டில்தானே இருக்கிறது? மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்.

கொள்ளிடத்துக்காரன்

எங்கள் பக்கம் ஒரு வைத்தியர் கருவிழியை டார்ச் அடித்துப் பார்த்தே கல்லீரல், கிட்னி, இதயம் எல்லாம் சொல்கிறார். மருந்தும் அவரே தருகிறார். முகாமுக்கெல்லாம் எதற்கு அலைய வேண்டும்?

பச்சைவிளக்கைப்பாருங்க

அது இரிடாலஜி. கருவிழியை வட்டமாகப் பங்கு போட்டு இந்தப் பங்கு கிட்னி, இந்தப் பங்கு நெஞ்சு என்பார்கள். சோதித்துப் பார்த்த இடங்களிலெல்லாம் தோற்றுப்போன சமாச்சாரம். நான் சொல்வது கண்ணின் உள்சுவர். அங்கே ஓடுவது நிஜமான ரத்தக் குழாய்.

வெளியே பார்த்தே சொல்லக்கூடியதும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். கருவிழி ஓரத்தில் வெள்ளை வளையம் நாற்பது வயதுக்குள் வந்தால் கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்வோம். அறுபதுக்கு மேல் அது நரை மாதிரி, சகஜம். மூக்கோரம் இமையில் மஞ்சளாகக் கொழுப்புத் திட்டு இருந்தால் எந்த வயதிலும் பார்ப்பது நல்லது. கோபன்ஹேகன் நகரத்து ஆட்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2011-இல் வந்த ஆய்வில், இமைத் திட்டு உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்தது, கொலஸ்ட்ரால் அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும்கூட. வெள்ளை வளையத்துக்கு அப்படி வரவில்லை.

மாயவரத்து வாத்தியார்

தம்பிக்கு ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியனின் ஆசி. எனக்கு இந்த விஷயத்தில் அனுபவப் பாத்தியதை உண்டு.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலை, திண்ணையில் பேப்பர் படிக்கிறேன். தலைப்பு தெரிகிறது, கீழே இருக்கும் செய்தி தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். பேப்பரைத் திருப்பினேன். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தபோதுதான் வலது கண்ணில் கீழ்ப்பாதி சாம்பல் பூத்தது போல இருப்பது புரிந்தது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. "ராத்திரி கண் முழிச்சு சீரியல் பாத்தா இப்படித்தான்" என்றாள் வீட்டுக்காரி. இரண்டு நாள் அதை நம்பினேன், அது என் முட்டாள்தனம்.

மேலே அந்த அம்மா சொன்னாரே, தமனி சிரையை நசுக்கும் இடம், அப்படி ஓர் இடத்தில் என் சிரை அடைத்துக்கொண்டது. மேல் கிளையில் அடைப்பு, அதனால் பார்வையில் கீழ்ப்பாதி போயிற்று. கண்ணுக்குள் ஊசி நான்கு தடவை போட்டார்கள். கேட்க பயங்கரமாக இருக்கும், மரத்துப்போக மருந்து விடுவதால் கொசுக்கடி அளவுதான். முக்கால்வாசி திரும்பிவிட்டது. கண் டாக்டர்தான் முதலில் பி.பி. பார்த்தார். 178/104. அதுவரை என்னைப் போல ஆரோக்கியமான ஆள் மாயவரத்திலேயே கிடையாது என்று திரிந்தவன்.

என்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியர் கதை வேறு. அவருக்கு ஒரு கண்ணில் மேலிருந்து திரை இறங்கின மாதிரி இருட்டி, ஐந்து நிமிடத்தில் தானே சரியாகிவிட்டது. இரண்டு தடவை. சரியாகிவிட்டதே என்று விட்டிருப்பார். மகள் நர்ஸ், இழுத்துக்கொண்டு போனாள். கண்ணுக்குள் தமனி கிளை பிரியும் இடத்தில் மினுமினுவென்று ஒரு கொலஸ்ட்ரால் துணுக்கு உட்கார்ந்திருந்ததாம். 1961-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர் ஹாலன்ஹார்ஸ்ட் விவரித்ததால் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். அது கண்ணில் உண்டானது இல்லை, கழுத்துத் தமனியின் சுவரிலிருந்து உதிர்ந்து வந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் கழுத்தில் பாதிக்கு மேல் அடைப்பு. கண்ணுக்குள் வந்த துணுக்கு மூளைக்குப் போயிருந்தால் பக்கவாதம். அதனால் திடீரென்று ஒரு கண் வலியில்லாமல் இருண்டால், திரும்ப வந்துவிட்டாலும்கூட, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முகாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சரித்திரத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளின் குறிப்புகளைப் படத்தோடு எழுதி வைக்கச் செய்தவர். புரையும் பூவும் விழுந்த கண்களை வர்ணத்தில் வரைந்த அந்த ஏடுகள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. ஆனால் எல்லாம் வெளிக்கண்தான். உயிரோடிருக்கும் மனிதனின் விழித்திரையைப் பார்க்க வழி செய்யும் கருவியை ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டது 1851-இல். சரபோஜி 1832-இலேயே காலமாகிவிட்டார். பத்தொன்பது வருடம். இருந்திருந்தால் முதல் கருவியைக் கப்பலில் வரவழைத்திருப்பார் என்பது என் கட்சி.

மதிலழகு

மன்னார்குடிக்காரன், சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. படங்களைப் படிக்கும் புரோகிராம்கள்தான் தொழில், அதனால் நோட்டீஸ் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

இது காற்றில் வந்த பேச்சு இல்லை. 2018-இல் கூகுள் ஆட்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,84,335 பேரின் விழித்திரைப் படங்களைக் கொடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். அப்புறம் அது பார்த்திராத படங்களைக் கொடுத்தபோது வயதைச் சராசரியாக மூன்றேகால் வருட வித்தியாசத்தில் சொன்னது. ஆணா பெண்ணா என்பதைக் கிட்டத்தட்டத் தவறாமல் சொன்னது. கண் டாக்டர்கள் யாராலும் படத்தைப் பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. எனக்கும் முதலில் படித்தபோது வாய் பிளந்ததுதான்.

அதே ஆய்வில் மற்ற எண்களையும் பாருங்கள். மேல் பி.பி.யைச் சொன்னதில் சராசரிப் பிழை 11 புள்ளி. 130-ஐ 141 என்றும் 119 என்றும் சொல்லலாம் என்று அர்த்தம். அக்கா சொன்ன இரண்டாயிரம் ரூபாய்க் கருவி இதைவிடப் பல மடங்கு மேல். ஐந்து வருடத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம் வருமா என்ற கேள்வியில் அதன் மதிப்பெண் 0.70. அதாவது வரப்போகிற ஒருவர், வராத ஒருவர் என்று இரண்டு பேரை ஜோடியாக நிறுத்தினால் நூற்றுக்கு எழுபது ஜோடியில் சரியான ஆளைக் காட்டும். காசு சுண்டிப் போட்டாலே ஐம்பது வரும். வயது, பி.பி., கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் இவற்றை வைத்துப் போடும் பழைய ஐரோப்பியக் கணக்கும் அதே ஆட்களிடம் 0.72 வாங்கியது. மதிப்பெண் பார்த்த பன்னிரண்டாயிரம் பேர் பிரிட்டன்காரர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வேறு பல குழுக்கள் இதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன, விழித்திரையை அடுக்கடுக்காக ஸ்கேன் செய்யும் ஓ.சி.டி. கருவி, மினுக்கும் வெளிச்சத்தைக் காட்டிக் குழாய் எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் கருவி என்று. எல்லாம் நல்ல வேலைதான்.

நோட்டீஸ்காரர்மேல் என் கோபம் "ஈ.சி.ஜி. வேண்டாம்" என்ற வரியில்தான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கடைமடையில் தண்ணீர் ஏறவில்லை என்றால் மேலே எங்கோ கோளாறு என்று தெரியும். எந்த மதகு என்பது கடைமடையில் நின்று பார்த்தால் தெரியாது. நெஞ்சுத் தமனியில் அடைப்பு இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்பது கண் படத்தில் வரவே வராது. கண் சுத்தமாக இருந்தும் நெஞ்சில் அடைப்பு உள்ளவர்கள் இருப்பார்கள். அந்த நோட்டீஸைப் படித்து நெஞ்சுவலியோடு ஒருவர் கண் போட்டோ எடுக்கப் போனால் என்ன ஆவது?

உங்கள் அப்பாவுக்கு முகாமில் இலவசமாக எடுத்த படமே போதும். காசைக் கொலஸ்ட்ரால் டெஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைவிளக்கைப்பாருங்க

தம்பி சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். எங்களுக்கும் சர்க்கரை நோயாளிகளின் போட்டோவைக் கம்ப்யூட்டர் முதலில் சலித்துக் கொடுப்பது பழகிவிட்டது. அந்த வேலையில் அது கெட்டிக்காரன்.

விட்டுப்போன ஒன்று. கண்ணில் காற்றை ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறதே, அது சொல்வதும் "பிரஷர்"தான், ஆனால் கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். 10 முதல் 21 வரை சரி என்போம். ரத்த அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தாத்தாவிடம் "பிரஷர் 16, நார்மல்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் எனக்குத்தான் பிரஷர் இல்லையே என்று பத்து வருடமாகச் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த முகாமில் நான் பார்த்தபோது ஒரு கை விளங்கவில்லை. அன்றிலிருந்து நான் "கண் நீர் அழுத்தம்" என்று முழுசாகச் சொல்கிறேன், வாய் வலித்தாலும்.

அப்புறம் அந்தச் சொட்டு மருந்து. கண் பாப்பாவை விரிக்கப் போடுவதில் சிலவற்றில் ஃபீனைல்எஃப்ரின் கலந்திருக்கும். சிலருக்கு அது பி.பி.யையே ஏற்றிவிடும். பி.பி., நெஞ்சு வியாதி உள்ளவர்கள் சொட்டு விடுமுன் சொல்லிவிட்டால் அது இல்லாத மருந்து போடுவார்கள். விட்ட பிறகு நான்கைந்து மணி நேரம் வெயில் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கும், டூ வீலர் எடுக்கக் கூடாது.

குடமுருட்டிக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வீட்டில் ஒரு ரகளையே நடந்துவிட்டது.

அக்கா, உங்கள் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். மாத்திரையை எண்ணினேன். மாதம் முப்பது கொடுக்கிறார்கள், அடுத்த முறை அவர்கள் வர ஐந்து நாள் இருக்கும்போதே அட்டை காலி. அம்மாவைக் கேட்டால் "கொறச்சுக் குடுக்குறாங்க போலருக்கு, நான் யார்ட்டப் போய்க் கேக்குறது" என்கிறார். பாவம், ஏழெட்டு மாதமாகவே கடைசி நாட்களில் மாத்திரை இல்லாமல்தான் இருந்திருக்கிறார்.

சாயங்காலம் அப்பா களத்துமேட்டிலிருந்து வந்ததும் அட்டையை முன்னால் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி, பின்பக்க நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டு, அப்புறம் சொன்னார்: "டாக்டர்ட்டப் போறதுக்கு நாலு நாள் முன்னாடி போட்டுக்குவேன். போனா மாத்திர எழுதிருவான்ல."

அதாவது, மாத்திரை எழுதிவிடுவார்களோ என்று பயந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். இடையில் தலை கனமாக இருக்கும் நாட்களிலும் ஒன்று எடுத்துக்கொள்வாராம். அம்மா அரை நாள் அழுதார், அரை நாள் திட்டினார்.

கருவி வாங்கி ஒரு வாரம் பார்த்தோம். அம்மாவின் மாத்திரை இப்போது என் பீரோவில். முதல் நாளை விட்டுவிட்டு சராசரி 156/94. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தோம். இதயத்தின் இடது கீழறைச் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது, பம்பிங் நன்றாக இருக்கிறது என்றார்கள். பல வருடம் பி.பி. இருந்ததற்கு அதுவும் அடையாளமாம். கொலஸ்ட்ரால் எல்லைக்கோட்டில். அவர் பெயரிலேயே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். புகையிலையை விடச் சொன்னதற்குச் சரி என்றார். ஊறுகாயைக் குறைக்கச் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை.

முகாம் நடத்தியவர்களிடம் கேட்டதில் போட்டோவை போனுக்கு அனுப்பினார்கள். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே மேல் ஓரத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, "இங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துருக்கு பாரு, கீழ போறது ஒடுங்கிருச்சு" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அக்காவிடமே கேட்டுவிடுகிறேன்: "இதத் தூர் வார முடியாதா?"

இன்னொரு விஷயம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் நாள் சம்பா நடவில் விழுகிறது. தள்ளிப் போடலாமா?

பச்சைவிளக்கைப்பாருங்க

சிரித்து முடிக்கவே நேரமாகிவிட்டது. தூர் வார முடியாது என்று சொல்லுங்கள். கசிவும் வெள்ளைத் திட்டும் பி.பி. இறங்கினால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வற்றிவிடும். உப்பள அக்காவுக்கு அப்படித்தான் வற்றியது, அடுத்த வருடம் கண்ணாடியும் வாங்கிக்கொண்டார். ஆனால் தடித்த சுவரும் அந்த நசுங்கின இடமும் பெரும்பாலும் அப்படியேதான் நிற்கும். அங்கே வாத்தியாருக்கு ஆனது போல அடைக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் மாத்திரை.

தள்ளிப் போடாதீர்கள். புது மாத்திரை, அளவு போதுமா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். நடவை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், ஒரு நாள் அம்மா வரப்பில் நிற்கட்டும். வீட்டில் பார்த்த கணக்கை நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். போவதற்கு நான்கு நாள் முன்பிலிருந்து பீரோ சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

தை மாசிக்குப் பிறகு புரைக்காக முகாமுக்கு வரும்போது அப்பாவை நெற்றி விபூதியை லேசாகத் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். யார் கண்டது, அந்தப் பட்டையைத் துடைப்பது நானாகவும் இருக்கலாம்.